வெறுங்காதுக் கச்சேரி

ஊரில் எல்லாரையும்போல நானும் காதில் போட்டிருக்கிற செவிமணியைக் காலையில் கழற்றித் துடைக்கிற அரை நிமிஷம் மட்டும் குளியலறைக் கதவை இறுகச் சாத்திக்கொள்வேன். திரும்பக் காதில் வைத்த மறுநொடி தூத்துக்குடி அடங்கிவிடும். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஊர்வதைப் பார்க்கலாம், கேட்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு நாய் வாயைத் திறந்து திறந்து மூடும். என் வீட்டுக்காரர் சந்தியாகு வாசலில் நின்று "போய்ட்டு வா பெர்பெத்து" என்று சொல்வது மட்டும் தெளிவாக, இதமாக வந்து சேரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் குரல் ஒருநாள்கூட உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் சண்டையே கிடையாது என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

கடற்கரை இசையரங்கின் பொறுப்பாளர் நான். அந்த வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு பேர் கொண்ட ஒரு சிம்பொனி இசைக்குழு வட அட்லாண்டிக்கில் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்து இறங்கியது. ஞாயிறு காலை, இரண்டாம் பூசை முடிந்ததும் பதினொரு மணிக்குக் கச்சேரி. பியானோ வாசிப்பது எங்கள் ஊர் இக்னேசி கொரைரா சார். வயது எழுபத்தாறு. அறுபது வருஷமாக மேடையில் இருக்கிறவர். இந்த வயதிலும் ஒரு சுரம் தப்பாதவர் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, அது அவர் பேருக்குப் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

வந்த குழுவினர் யாரும் செவிமணி அணிவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஏதோ வேண்டுதல், மத சம்பந்தமான விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், லாரிச் சத்தத்தில் என்ன செய்வார்கள் என்று ஆளுக்கொரு பொட்டலம் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன். நாங்கள் பேசுவதை அவர்களுக்கு ஒரு கைப்பலகை எழுத்தில் மொழிபெயர்த்துக் காட்டும். அவர்கள் பேசுவதை எங்களுக்குச் செவிமணியே தமிழாக்கிக் கொடுத்துவிடும்.

வெள்ளி மதியம் ஒத்திகை. குழு நடத்துநர் ஹெல்கா, ஆறடி உயர அம்மாள், கையைத் தூக்கினார். வயலின்கள் தொடங்கின. கொரைரா சார் உள்ளே நுழைந்து நாலு வரி வாசித்திருப்பார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அவ்வளவு இனிமை. ஹெல்கா கோலை மேஜையில் அடித்து நிறுத்தினார். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது. வாய் கோணிக்கொண்டு போயிற்று. என் காதில் விழுந்ததோ தேன் தடவிய குரல்: "இக்கருவி இன்று சற்றே சோர்வாக உள்ளதோ என ஐயுறுகிறேன்."

"பெர்பெத்து, இந்தம்மா என்ன சொல்லுதாக?" என்றார் கொரைரா சார்.

"பியானோவுக்கு உடம்பு சரியில்லங்காக சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் கைப்பலகையில் ஒரு படம் வரைந்து காட்டினார்கள். மரக்கைப்பிடி போட்ட ஒரு இரும்புச் சாவி. அது எங்களிடம் இருந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திருக அதைத்தான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறோம். நான் கொண்டுவந்து கொடுத்ததும் வயோலா வாசிக்கிற ஒரு மனிதர் அதைத் துடைத்து, அதன் துருவைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பியானோவின் வயிற்றைத் திறந்து உட்கார்ந்தார். ஐந்து மணி நேரம். ஒரே கட்டையை முப்பது தடவை தட்டுவார், சாவியைத் திருகுவார், மறுபடி தட்டுவார். முதல் தட்டும் முப்பதாவது தட்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. ஒரு நல்ல மனிதருக்கு இப்படியொரு வியாதியா என்று நினைத்து அவருக்கு ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சாவியை வைத்துப் பியானோவுக்கு ஸ்ருதி கூட்டுகிறவர் என்று ஒருவர் எங்கள் அரங்கில் கடைசியாக வேலை பார்த்தது இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால். அவர் ஓய்வு பெற்றபின் வேறு ஆள் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பியானோ நன்றாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை ஒத்திகையில் ஹெல்கா நிறுத்தவே இல்லை. மூன்று பாகமும் முழுதாக வாசித்து முடித்தார்கள். ஆனால் வாசிக்கும்போதே வயலின்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். கொரைரா சாரும் கவனித்திருக்கிறார். மேடையில் எல்லாரும் கருவிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஹெல்காவிடம் போய் நின்றார்.

"நேத்து நிறுத்துனிய. இன்னிக்கு ஏன் நிறுத்தல?"

ஹெல்கா பலகையைப் படித்துவிட்டு என்னவோ சொன்னார். "தங்கள் வாசிப்பு தனித்துவம் மிக்கது" என்றது என் செவிமணி.

"அத விடுங்க. என் கை தப்புப் பண்ணுதா?"

இந்த முறை ஹெல்கா வெகுநேரம் பேசினார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாரின் இடதுகையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அத்தனைக்கும் சேர்த்து எனக்கு வந்தது ஒரே வரி: "கலைஞருக்குரிய சுதந்திரத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்."

கொரைரா சார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, இரண்டு காதிலிருந்தும் செவிமணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். லாரி ஒன்று போனது போலிருக்கிறது, தோளைக் குறுக்கிக்கொண்டார். ஹெல்காவிடம் இங்கிலீஷில் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். எனக்கு மறுபடி அதே மதிப்பும் மரியாதையும்தான் கேட்டன.

சார் பியானோவில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தில் இடதுகை தனியாக வருகிற இடத்தை வாசித்தார். எனக்கு வழக்கம்போல மணி மணியாக விழுந்தது. இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மூடியைச் சாத்தினார்.

"ரெண்டு விரல் மரத்துப் போய் ஒம்பது வருஷம் ஆகுது பெர்பெத்து. டாக்டர் வாசிக்காதீங்கன்னாரு. சத்தம் சரியாத்தான வருது, மாதா கிருபைன்னு நெனச்சேன். இது கிருபை இல்ல. இந்த மணி."

செவிமணி இரைச்சலை நீக்கும் என்று சொல்லித்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். எது இரைச்சல் என்று அதுவே முடிவு செய்யும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அச்சில் வந்த இசை முழுவதும் அதற்குத் தெரியும். கை தப்பான கட்டையில் விழுந்தால் அந்தத் தப்பும் அதற்கு ஒரு லாரிச் சத்தம்தான். அதை எடுத்துவிட்டுச் சரியானதைக் காதில் வைத்துவிடும்.

"நாளைக்கு நான் வாசிக்கல" என்றார்.

எண்ணூறு பேர் வருகிறார்கள். ஆயர் வருகிறார். "சார், யாருக்கும் தெரியாது. அங்க உக்காந்திருக்க அத்தன பேருக்கும் சரியாத்தான் கேக்கும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"அதான் பயமா இருக்கு. ஒம்பது வருஷமா நான் வாசிச்சத ஊர்ல ஒருத்தரும் கேக்கல. நானே கேக்கல. கைதட்டுனதெல்லாம் யாருக்கு?"

காதில் விழுந்தது பொய் என்றால், நான் அழுதது? ஒவ்வொரு கச்சேரியிலும் நான் நிஜமாகத்தான் அழுதிருக்கிறேன்.

சார் பியானோ மூடியை விரலால் தடவிக்கொண்டே ஒன்று கேட்டார். "வாசிக்கேன். ஆனா நானும் கழட்டிட்டுத்தான் வாசிப்பேன். நீயும் கழட்டிட்டு ஓரமா உக்காரணும். இந்த ஊர்ல ஒரு ஆளாவது நான் வாசிச்சத கேக்கணும்லா."

வேறு யாரையாவது கேட்கக் கூடாதா என்று இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேடையின் பக்கவாட்டில், திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செவிமணி இரண்டையும் கழற்றி, காலி மக்ரூன் டப்பாவில் போட்டு மூடினேன். முதலில் நான் கேட்டது மின்விசிறிகள். இருபத்துநாலும் கிறீச்சிட்டன. எண்ணூறு பேர் இருமினார்கள், செருமினார்கள், நாற்காலியை இழுத்தார்கள், பக்கத்து ஆளோடு கத்திப் பேசினார்கள். வெளியே லாரி ஹாரன் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. எங்கள் ஊரா இது?

குழு தொடங்கியபோது வில் கம்பியில் உரசுகிற சொரசொரப்பு கேட்டது. குழல்காரர்கள் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு பியானோ. முதல் பாகத்தில் இரண்டு இடத்தில் எனக்கே தெரிகிற மாதிரி கை வழுக்கியது. தெரிந்தவர் ஒருவர் பலர் நடுவில் தடுக்கி விழுகிறதைப் பார்க்கிற மாதிரி கூசியது. முன்வரிசையில் ஆயர் கண்ணை மூடிப் புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

இரண்டாம் பாகம். இடதுகை தனியாகப் போகிற இடம். நான்காவது சுரம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. விரல் கட்டையில்தான் இருந்தது, அழுத்தவில்லை, அல்லது அழுத்தியது அவருக்குத் தெரியவில்லை. வெறும் விசிறிச் சத்தம். ஹெல்காவின் கை மேலேயே நின்றது. செல்லோக்காரர்கள் தாங்கள் பிடித்த சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். சார் தேடினார். இன்னொரு விரலைக் கொண்டுவந்து அந்தச் சுரத்தைத் தொட்டார். ஹெல்காவின் கை இறங்கியது. அடுத்த வரியிலும் அப்படி ஆயிற்று, மறுபடி நின்றார்கள். அறுபத்திரண்டு அந்நியர்கள் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணூறு உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த அழுகை பழைய அழுகை மாதிரி சுகமாக இல்லை.

கைதட்டல் ஓய்ந்து பக்க அறைக்கு வந்ததும் சார் வழக்கம்போல ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். வழக்கமான கேள்வியையும் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

பதினெட்டு வருஷமாக நான் அறிந்த கொரைரா சாருக்குக் கனத்த, நிதானமான குரல். இது மெலிந்து, உடைந்து, நடுங்கிக்கொண்டு வந்தது. வேறு யாரோ பேசுவதாக நினைத்து ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இந்த மனிதர் ஒவ்வொரு கச்சேரி முடிந்தும் இவ்வளவு பயந்துகொண்டா என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்?

"நல்லா இருந்துச்சு சார்."

அவர் பழத்தை உரிப்பதை நிறுத்தினார். "பொய் சொல்லுத. எனக்கு இப்போ கேக்குல்லா."

மாட்டிக்கொண்டேன். "நெறைய எடத்துல விட்டுப்போச்சு சார். பதினொண்ணு வரைக்கும் எண்ணுனேன்."

"அப்புறம்?"

"எண்ணல. அவுக உங்களுக்காக நின்னாகள்லா, அதுல இருந்து எண்ணத் தோணல. நீங்க அடுத்தது எங்க தொடுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இதுக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்லணுமா, இல்லையான்னு எனக்குத் தெரியல சார்."

அவர் அதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருந்தார். "அது போதும்" என்றார். பழத்தைப் பாதி பிய்த்து என்னிடம் கொடுத்தார். "உன் கொரல் இம்புட்டுக் கரகரப்பா பெர்பெத்து? இத்தன வருசமா எனக்குத் தெரியாதே."

சிரித்தோம். அவர் சிரிப்பும் நான் கேட்டறியாத சிரிப்புதான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சந்தியாகு வந்தார். சாருக்கு வணக்கம் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மணி ஒண்ணு ஆச்சு. வீட்டுக்குப் போவமா?"

தினமும் சொல்கிற வார்த்தைகள்தான். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியாது. அது களைத்த குரல்கூட இல்லை. களைத்து, கோபப்பட்டு, கெஞ்சி, எதுவும் போய்ச் சேரவில்லை என்று ஆனபின் அப்படியே விட்டுவிட்ட குரல்.

"என்னங்க, உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்." அதே குரல்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?" என்று விழித்தார். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் காதுக்கு அது இதமான குரலாகத்தான் போயிருக்கும்.

கையிலிருந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். உள்ளே என்னுடைய செவிமணி இரண்டும் கிடந்தன.

"உங்க மணியக் கழட்டி இதுல போடுங்க."

"இங்கயா? லாரிச் சத்தம் காதக் கிழிக்குமே பெர்பெத்து."

"கிழிக்கட்டும். கழட்டுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

சந்தியாகு டப்பாவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் கையை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனார்.