ஒன்பதாம் வரிசைத் தேக்கு

வியாழன், காலை 9:20.

ஆரல்வாய்மொழித் தேக்குத் தோட்டத்தில், காவலாளி தாணுவின் குடிசைக்குப் பின்னால், ஓலைக்கு அடியில் அந்தத் தேக்குத் துண்டு கிடந்தது. மூன்றடி நீளம். பட்டையில் மஞ்சள் பெயின்டில் '9'.

பதினெட்டு நாட்களுக்கு முன் இதே தோட்டத்தின் ஒன்பதாம் வரிசையில் ஒரு மரம் திருடு போயிருந்தது. மிஞ்சியது அடிக்கட்டை மட்டும். பக்கத்து மரங்களெல்லாம் கணவாய்க் காற்றில் வளர்ந்து கிழக்கே சாய்ந்து நின்றன.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அன்னைக்கு நான் விசா மெடிக்கலுக்குத் திருவனந்தபுரம் போயிருந்தேன்," என்றார் தாணு. "சனிக்கிழம எனக்கு பிளேன். கேஸ் விழுந்தா விசாவும் போச்சு, வாழ்க்கையும் போச்சு."

எஸ்.ஐ. சுபிதா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் எந்த வழக்கு முடிந்தாலும் அவருக்குப் பரம சந்தோஷம்.

தோட்ட மேலாளர் அனில்குமார் துண்டைக் காலால் தட்டினார். "ஒம்பதாம் குளோன் மேடம். எல்லாம் ஒரே தாய் மரத்துல இருந்து எடுத்து வளத்தது. எந்த லேபுக்கு வேணும்னாலும் அனுப்புங்க, அச்சு அசலா ஒத்துப்போவும்."

"இந்த ரகம் வேற எங்க நிக்குது?"

"குலசேகரத்துல நம்ம இன்னொரு தோட்டம். ரெண்டும் ஒரே வருசம் வச்சதுதான்."

"அங்கயும் இப்படிக் காத்து உண்டா?"

"மல மறைவுலா? எல அசையாது."

"அந்தத் தோட்டத்து கேட் சாவி?"

"எங்கிட்டதான்." அவருடைய போன் அடித்தது. எரிச்சலோடு பேசி வைத்தார். "வீட்டு வேல மேடம். முகூர்த்தம் பாத்து வாசலுக்கு நிலை வச்சேன். அஞ்சே நாள்ல வில்லு மாதிரி வளஞ்சிட்டு. ஆசாரிக்கு வேல தெரியல்ல."

"அந்த ஆசாரி நம்பர் குடுங்க."

"எதுக்கு மேடம்?"

"யாரக் கூப்பிடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்லா?"

10:05.

சுபிதா அடிக்கட்டை அருகே குந்தினாள். வளையங்களின் நடுப்புள்ளி கிழக்கு ஓரமாக ஒதுங்கியிருந்தது. மேற்குப் பக்க வளையங்கள் அகலம், கிழக்கே நெருக்கம். பிறகு ஓலையடித் துண்டைப் புரட்டி விரலால் அளந்தாள். எழுந்து, கான்ஸ்டபிள் பெனிட்டோவைக் குலசேகரத்துக்கு விரட்டினாள்.

மதியம் 1:40.

பெனிட்டோ அனுப்பிய படத்தை அனில்குமாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்க குலசேகரத் தோட்டத்துல புதுசா வெட்டின அடிக்கட்ட. இந்தத் துண்டு அங்க உள்ளது."

"ரெண்டும் ஒரே குளோன் மேடம். எப்படிப் பிரிச்சுச் சொல்லுவிய?"

"தாய் ஒண்ணுதான். ஆனா வளந்த இடம் வேறல்லா? இங்க பதினாலு வருசம் காத்தோட மல்லுக்கட்டின மரம். மேக்குப் பக்கம் பெருத்து, நடு ஒதுங்கிப் போச்சு. இந்தத் துண்டுல நடு நடுவுலயே இருக்கு. இது காத்தே பாக்காத மரம்."

அனில்குமார் ஓரடி பின்வாங்கினார்.

"அப்ப இங்க களவுபோன மரம் எங்க? அப்படி இழுபட்டு வளந்த மரத்த அறுத்தா வளையும். அதுவும் பச்சையா அறுத்தா கேக்கவே வேண்டாம். ஆசாரிகிட்டப் பேசினேன். 'பச்ச மரம், ரம்பத்தப் பிடிச்சு இறுக்குது, ஒரு பக்கம் பஞ்சு மாதிரி நார் இழுக்குது, காயட்டும்'னு கெஞ்சினாராம். முகூர்த்தம் தப்பக் கூடாதுன்னு நீங்கதான் கேக்கல்ல. மரம் முழுசும் வீட்டு வேலைக்குத் தீந்து போச்சு. தாணு மேல பழி போட ஒரு துண்டு வேணும், அதுக்குக் குலசேகரத்துல கை வச்சிய. பாவம், அந்த ஆசாரியையும் வேல தெரியாதவனாக்கிட்டிய."

தாணு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பெனிட்டோ, அப்படியே இவரு வீட்டுக்குப் போயி அந்த நிலையக் கழத்திக் கொண்டு வாரும்," என்று போனில் சொன்னாள் சுபிதா. "அதுதான் களவுபோன மரம்."

சனிக்கிழமை தாணு விமானம் ஏறினார். அனில்குமாரின் புது வீட்டில் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒரு ஓலைத் தட்டி தொங்குகிறது.