தண்ணீர் குடிக்காத ஸ்பான்ஜ்

"மாமா...!"

பட்டறையின் பின்பக்கத்திலிருந்து தம்பியின் அலறல்!

அவள் ஓடினாள்.

கழிவுநீரில் கலந்த எண்ணெயைப் பிரித்த பிறகு, சுத்தமான தண்ணீர் வந்து சேரும் தொட்டி அது.

அதில்...

குப்புற மிதந்துகொண்டிருந்தார் அவள் கணவர்!

போலீஸ் வந்து தூக்கிக் கிடத்தியது. பின்மண்டை பிளந்திருந்தது.

"தொட்டிப் படியில வழுக்கி, விளிம்புல மோதி, உள்ள விழுந்திருக்காரு" என்றார் இன்ஸ்பெக்டர். "படியில என்ன கிடந்துச்சு?"

"தண்ணி சார்!" தம்பி விசும்பினான். "ஓடி வர்ற அக்காவும் வழுக்கிடக் கூடாதேன்னு நான்தான் ஸ்பான்ஜால தொடைச்சேன்."

"பாசக்காரத் தம்பி!"

உண்மைதான். அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இரண்டே பேர். கணவர், தம்பி.

இப்போது ஒரே ஆள்.

"நான் இருக்கேன்கா..." என்று அவள் தோளைத் தொட்டான்.

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கணவரின் முகத்தில் ஈரம் வடிந்துகொண்டிருந்தது. குளித்தால் தலை துவட்டாத மனுஷன். தினமும் திட்டிக்கொண்டே அவள்தான் துவட்டிவிடுவாள்.

கைக்கு அகப்பட்டதை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். படியோரம் கிடந்த அந்த ஸ்பான்ஜ்!

ஈரம் போகவில்லை. நெற்றி பளபளத்தது...

எண்ணெய்!

அவள் கை அப்படியே நின்றது.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இல்லைன்னா விபத்துன்னு முடிச்சிடலாம்."

தம்பியைப் பார்த்தாள். அம்மாவின் அதே கண்கள்.

வாயைத் திறந்தால் இவனும் போய்விடுவான். மூடிக்கொண்டால்... அவர்?

"சார்... இந்த ஸ்பான்ஜ் மேல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது!

"ஒரு சொட்டு தண்ணி குடிக்காது சார். எண்ணெயை மட்டும்தான் உறிஞ்சும். இதைச் செய்யத்தான் ராப்பகலா மாரடிச்சாரு."

ஸ்பான்ஜை இறுகப் பிழிந்தாள்.

பொன் நிறத்தில் வழிந்தது... புத்தம்புது மெஷின் எண்ணெய்!

"கழிவு எண்ணெய் கறுப்பா இருக்கும் சார். இந்தத் தொட்டிக்கு அதுவும் வராது."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"தண்ணியத் தொடைச்சேன்னியே தம்பி?"

அவன் முகம் வெளுத்தது.

"அக்கா... இதை நான் கண்டுபிடிச்சேன்னு பெரிய கம்பெனில சொல்லி வேலை வாங்கிட்டேன்கா. மாமா நாளைக்கு அங்க வந்து உண்மையச் சொல்லிடுவேன்னாரு. எவ்வளவோ கெஞ்சினேன், கேக்கலை... படியில எண்ணெயை ஊத்திட்டேன்கா..."

"கண்டுபிடிச்ச விஞ்ஞானிக்கு அது எதைக் குடிக்கும்னு ஞாபகம் இல்லையாக்கும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பதட்டத்துல தண்ணின்னு வாயில வந்துடுச்சு சார்..."

விலங்கு மாட்டினார்கள்.

அவள் கணவரின் விறைத்த விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இனி வீட்டில் பேச்சுக்குக்கூட ஆள் இல்லை.

ஜீப்பில் ஏறும்போது அவன் கதறினான்.

"அக்கா! நான் உன் கூடப்பொறந்தவன்கா!"

அவள் நிமிர்ந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்க, நிதானமாகச் சொன்னாள்.

"அதனாலதான்டா உன் கழுத்தை விட்டுட்டு, ஸ்பான்ஜைப் பிழிஞ்சேன்!"