மீசைக்குப் போன மருந்து

சந்திரகலாவின் அம்மா ஒரு டாக்டர். ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு யாராவது கதவைத் தட்டினால், "ஐயோ, நான் அந்த டாக்டர் இல்லை. கிளினிக்குக்குப் போங்கோ" என்று அனுப்பிவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த தெருவில் இது பலருக்குப் புரியவில்லை. "ஊசி போடாத டாக்டரா?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டே விட்டார்.

பத்து வயது சந்திரகலாவுக்கு அது நன்றாகவே புரியும். அவள் அம்மா குணபூசணி, பல்கலைக்கழகத்தில் மருந்துகளை ஆராய்பவர். ஒரு மருந்து உடம்புக்குள் போனதும் என்ன செய்கிறது, எதைச் சரியாக்குகிறது, எதைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அதிலும் கண் மருந்து என்றால் அவருக்குச் சாப்பாடுகூட மறந்துவிடும்.

அது 1986ஆம் ஆண்டு. அம்மா ஒரு புதிய சொட்டு மருந்தைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன் அவர் செய்த முதல் மருந்து கண்ணைச் சிவக்க வைத்தது. அடுத்தது பாட்டிலிலேயே கெட்டுப்போனது. மூன்றாவது மருந்தைப் பற்றி அம்மா பேசவே மாட்டார். இந்த நான்காவது மருந்துதான் எல்லாச் சோதனைகளிலும் தேறி, கிள்ளானில் உள்ள ஒரு கண் கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா தன் பழைய டட்சன் காரில் கிளினிக்குக்குக் கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் சந்திரகலாவும் ஏறிக்கொண்டாள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது அவள் கேட்டாள். "அம்மா, இந்த மருந்து எந்த நோய்க்கு?"

"கண் அழுத்த நோய்க்கு. எங்கட கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். அது ஒரு பக்கத்தால வடிஞ்சும் போகும். வடியிற வழி அடைச்சுக்கொண்டா என்ன ஆகும்?"

"மழை பெய்யும்போது நம்ம வீட்டுக் கால்வாய் அடைச்ச மாதிரியா?"

"ஓம், அப்படித்தான்! உள்ளுக்குள்ள அழுத்தம் கூடும். மெல்ல மெல்லப் பார்வை குறையும். முதல்ல பக்கத்தில இருக்கிறது தெரியாமல் போகும். போன பார்வை திரும்பி வராது. இருக்கிறதைத்தான் காப்பாத்தலாம்."

அதற்குப் பிறகு அம்மா சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். அவர் ஏதோ கவலையில் இருக்கிறார் என்று சந்திரகலாவுக்குத் தெரிந்தது.

கிளினிக்கில் ஒரு நீண்ட வராந்தா. அதில் வரிசையாக மர பெஞ்சுகள். ஒரு பெஞ்சின் பாதியை ஒரே ஆள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, முறுக்கிய பெரிய மீசை.

"வா பாப்பா, உட்காரு. டாக்டரம்மா மகதானே? மூக்கைப் பார்த்தாலே தெரியுது" என்றார் அவர். பையிலிருந்து கச்சானை, வறுத்த வேர்க்கடலையை, எடுத்து அவள் கை நிறையக் கொடுத்தார்.

அவர் பெயர் கன்னையா. கேரி தீவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர்.

டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் ராதாகிருஷ்ணனும் அம்மாவும் பேசுவது வெளியே கேட்டது.

"பெரும்பாலானவங்களுக்கு அழுத்தம் நல்லாவே இறங்கியிருக்கு. ஒரு நாலு பேருக்குத்தான் அசையவே இல்லை. அந்த நாலு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடுவோம். மத்தவங்க முடிவே போதுமே" என்றார் டாக்டர்.

"அது சரியில்லை, டாக்டர்" என்றார் அம்மா. குரல் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. "மருந்து கேட்கேல்லை எண்டா ஏன் எண்டு எனக்குத் தெரிய வேணும். அது தெரியாமல் நாளைக்கு இன்னொருத்தரின்ர கண்ணில இதைப் போடச் சொல்ல மாட்டன்."

"உங்க இஷ்டம். ஆனா கன்னையாவை இனியும் காக்க வைக்க முடியாது. ஆபரேஷன் செஞ்சே ஆகணும். இப்படியே விட்டா அவரு லோரி ஓட்ட முடியாது."

சந்திரகலா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, கன்னையாவுக்கு அது கேட்கவில்லை. அவர் கச்சான் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது நர்ஸ் இராஜம்மா மிஸ்ஸி உள்ளிருந்து குரல் கொடுத்தார். "கன்னையா அண்ணே! எனக்குக் கை வேலையா இருக்கு. காலை மருந்தை நீங்களே போட்டுக்குங்க!"

"சரி மிஸ்ஸி!"

கன்னையா எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, முகத்தை மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

சொட்டு விழுவதற்கு முன்பே இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. மருந்து இமையில் பட்டு, கன்னத்தில் உருண்டு, மீசைக்குள் போய் மறைந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அங்கிள், மருந்து மீசைக்குப் போயிடுச்சு" என்றாள் சந்திரகலா.

"ஷ்ஷ்! மெதுவா பேசு லா!" கன்னையாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னா செய்யறது பாப்பா? கண்ணுகிட்ட எது வந்தாலும் தானா மூடிக்குது."

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இதைவிட மோசம். கன்னத்துல விழும், காதுல விழும். ஒரு தடவை வாய்க்குள்ளயே விழுந்துடுச்சு. ஒரே கசப்பு! வீட்டுக்காரி போட்டுவிட வந்தா நான் வாசல் பக்கம் ஓடிடுவேன்."

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அம்மா கேட்டப்போ தினமும் போடறேன்னு சொன்னீங்களா?"

"பொய் சொல்லலயே! தினமும் போடத்தான் செய்யறேன். உள்ள போகல, அவ்வளவுதான்." அவர் தலையைக் குனிந்தார். "அவ்வளவு பெரிய லோரியை ஓட்டுற ஆளு, ஒரு சொட்டுத் தண்ணிக்குப் பயப்படறான்னு சொன்னா டாக்டரம்மா என்னா நினைப்பாங்க? நீயும் சொல்லிடாத பாப்பா."

சந்திரகலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னால் இவர் வெட்கப்படுவார். சொல்லாவிட்டால் இவர் கண்ணுக்கு ஆபத்து. அதோடு, தன் மருந்து தோற்றுவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டே இருப்பார்.

"அங்கிள், உங்களுக்கு மருந்து கேட்கலன்னு ஆபரேஷன் செய்யப் போறாங்களாம்" என்றாள் மெதுவாக.

கன்னையாவின் கையிலிருந்த கச்சான் கீழே கொட்டியது. "கண்ணுலயா? ஆபரேஷனா?"

"மருந்து கண்ணுக்குள்ள போனாதானே கேட்கும்? கொஞ்சம் இருங்க, நான் வரேன்."

அவள் இராஜம்மா மிஸ்ஸியிடம் ஓடினாள். "மிஸ்ஸி, கண் கழுவுற உப்புத் தண்ணி ரெண்டு சின்ன பாட்டில்ல கிடைக்குமா? கன்னையா அங்கிளும் நானும் சொட்டு விட்டுப் பழகணும்."

மிஸ்ஸி அவளையும் கன்னையாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்ததுபோல் இருந்தது. ஒன்றும் கேட்காமல் புதிய பாட்டில்கள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். "கையைக் கழுவிட்டுத் தொடணும். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தருக்கு இல்ல. நுனி கண்ணுல படக்கூடாது. நான் இங்கேயிருந்து பார்த்துக்கிட்டுதான் இருப்பேன்."

"முதல்ல நான்" என்றாள் சந்திரகலா. முகத்தைத் தூக்கி அழுத்தினாள். டப்பென்று அவள் கண்ணும் மூடிக்கொண்டது. தண்ணீர் மூக்கோரமாக வழிந்து ஓடியது.

"உனக்குமா!" என்று கன்னையா சத்தமாகச் சிரித்தார். அவர் முகத்தில் இருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

சந்திரகலா இன்னொரு முறை முயன்றாள். மறுபடியும் மூடிக்கொண்டது. கோபத்தோடு பாட்டிலைப் பார்த்தாள். பிறகு, "மூடினா மூடட்டுமே!" என்றாள்.

பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். கண்களை நன்றாக மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய மூலையில் ஒரு சொட்டு விட்டாள். அந்தச் சின்னப் பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். சொட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"போயிடுச்சு! அங்கிள், நீங்க படுங்க!"

கன்னையா படுத்ததும் பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா மூடிக்குங்க. மூடத்தானே உங்களுக்குப் பிடிக்கும்? இப்ப சொட்டு விடறேன்... விட்டாச்சு. திறங்க."

கன்னையா ஒரு கண்ணைத் திறந்தார். "சில்லுனு இருக்கு லா! இவ்வளவுதானா?"

பிறகு அவரே தன் கையால் விட்டுப் பார்த்தார். முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது சரியாகப் போனது.

"இப்ப அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள் சந்திரகலா. "நானும் கூட வரேன்."

அறைக்குள் கன்னையா துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மருந்து வாய்க்குள் விழுந்ததைக்கூட விடவில்லை.

அம்மா திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, பிழை உங்களில மட்டும் இல்லை. 'மருந்து போடுறீங்களோ' எண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் கேட்டன். 'எப்படிப் போடுறீங்கள்' எண்டு ஒருநாளும் கேட்கேல்லை."

டாக்டர் ராதாகிருஷ்ணன் தாடையைத் தடவினார். "ரெண்டு வாரம் பார்ப்போம். அதுக்கு மேல முடியாது."

அன்றே அம்மா மீதி மூவரையும் வரவழைத்தார். மருந்து எப்படிப் போடுகிறார்கள் என்று செய்து காட்டச் சொன்னார். ஒருவருக்கு விரல்கள் விறைத்து, பாட்டிலை அழுத்தவே முடியவில்லை. ஓர் அம்மாள், கண் வலித்தால் மட்டும் போடலாம் என்று மருந்தைப் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றாமவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார்.

"அப்ப அவருக்கு?" என்று கேட்டாள் சந்திரகலா.

"அவருக்கு என்ர மருந்து உண்மையாவே கேட்கேல்லை. அதையும் நான் மறைக்காமல் எழுத வேணும். பிறகு அவருக்கு வேற மருந்து தேட வேணும்" என்றார் அம்மா.

தோற்றதையும் மறைக்காமல் எழுதப்போகிற அம்மாவைச் சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள். ஊசி போடாத டாக்டர்தான். ஆனால் இப்படிப்பட்ட டாக்டரை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ராதாகிருஷ்ணன் கன்னையாவின் கண் அழுத்தத்தை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

"இறங்கியிருக்கு" என்றார். "ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். லோரியை ஓட்டலாம். ஆனா மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது."

கன்னையா அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். துண்டால் கண்ணோரத்தைத் துடைத்தார். அம்மாவுக்கும் கண் கலங்கியது.

"அழாதீங்க டாக்டரம்மா" என்றார் கன்னையா. "உள்ள போன மருந்து வெளிய வந்துடப்போகுது!"

"மருந்து உங்கட கண்ணிலதான் போட்டிருக்கு, என்ர கண்ணில இல்லை" என்று அம்மா சிரித்தார்.

அன்று புதிதாகப் பலர் மருந்துக்காக வந்திருந்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டபடி கன்னையாவே பெஞ்சில் படுத்து அவர்களுக்குச் செய்து காட்டினார். ஆளுக்கு ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரை மிஸ்ஸி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சிறிது நேரத்தில் அவர் திரும்பி வந்தபோது வராந்தாவில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாப் பெஞ்சுகளிலும் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்கள்.

"என்னா இது? கிளினிக்கா, தூங்குற இடமா?" என்று கத்தினார் மிஸ்ஸி.

கடைசிப் பெஞ்சில் இருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க மிஸ்ஸி. பாப்பா, அடுத்து என் முறை, வா!"

சந்திரகலா கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.