உதட்டில் ஐந்து குண்டூசி

“நடு வீட்டுல மெஷினைக் கொண்டாந்து போட்டா மனுஷங்க எப்படி நடக்கறது? பறந்தா போக முடியும்?”

டீத் தம்ளரோடு வந்த நாத்தனார் தையல் மெஷினின் காலில் இடித்துக்கொண்டு கத்தினாள். பாதி டீ தரையில் கொட்டிவிட்டது. மணி இன்னும் ஏழரைகூட ஆகவில்லை.

தையல்காரியின் உதடுகளுக்கு நடுவில் ஐந்து குண்டூசிகள் இருந்தன. எழுந்து போய்த் துணி எடுத்து வந்து, குனிந்து தரையைத் துடைத்தாள்.

“பதில் வருதா பாரு! தம்பி, உன் பொண்டாட்டி வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கா. சாவி எங்கேன்னு கேட்டுச் சொல்லு!”

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார்.

“பத்தொன்பது நாளாச்சு... பெத்த பொண்ணு மனசு உடைஞ்சு மூலையில உக்காந்திருக்கா. அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசறியா? துணி குடுக்க வர்றவங்ககிட்ட மட்டும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறே! நீயெல்லாம் ஒரு தாயா?”

அவர் சொன்னது பொய்யில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஊசிகள் கீழே இறங்கும். அவள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி உதட்டுக்கு ஏறிவிடும்.

ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகள். இருபது வயது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, தோளுக்குப் பின்னால் யாரோ ரகசியம் சொல்வதுபோல... பின்னால் வெறும் சுவர்தான். அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் மெஷினை மிதிக்கும் தையல்காரியின் கால் நின்றுவிடும்.

ஆறு மாதமாக இப்படித்தான். யாருக்கும் கேட்காத குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோய் தொடங்கும்போதே மாத்திரையோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் கூடுதலாகத் தேறுவார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு மாத்திரையும் பேச்சும், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும்.

“என் பொண்ணு என்ன சோதனை எலியா?” என்று கணவர் குதித்தார். 

“பேசியே சரியாகுமாம்ல! அப்படின்னா நான் பேசற பேச்சுக்கு இந்தத் தெருவே குணமாயிருக்கணுமே!” என்றாள் நாத்தனார்.

தையல்காரிதான் ஒற்றைக்காலில் நின்றாள். மகள் தானே கையெழுத்துப் போட்டாள். சீட்டில் பேச்சும் விழுந்தது.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். தேறலேன்னா, எங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். பழி உன் தலைமேலதான்” என்று சொல்லியிருந்தார் கணவர். இன்று மாசக் கடைசி. டிப்போவுக்கு லீவு சொல்லியிருந்தார்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், துவைக்கப் போட்ட மகளின் சட்டைப் பையில் ஒரு தாள் நனைந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் மகளோடு உட்கார்ந்து பேசுகிற பெண் எழுதிவரச் சொன்ன தாள். கட்டம் கட்டியிருந்தது. நேரம், குரல் சொன்னது, யார் குரல், நூற்றுக்கு எவ்வளவு நம்பினாய்.

‘காலை 8.10. நீ பொறந்தே இருக்கக் கூடாது. அம்மா. 90.’

‘மதியம் 1.00. போய்த் தொலை, கதவு திறந்துதான் இருக்கு. அம்மா. 90.’

சோப்பு நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கிறாள்... ‘காலேஜுக்குப் போக மாட்டேன்’ என்று மகள் அடம்பிடித்த அன்று, கோபத்தில், ஒரே ஒரு முறை, ‘எங்கேயாவது போய்த் தொலை!’ என்று. அது அந்தப் பிஞ்சு மனசுக்குள் புகுந்து குடியே இருந்துவிட்டதா? தன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தாளின் அடியில் வேறு கையெழுத்து, அந்தப் பெண்ணுடையது. ‘குரல் வரும்போது அம்மாவின் வாய் அசைகிறதா என்று பார்க்கவும்.’

அசையாமல் எப்படி இருக்கும்? தைக்கும்போது நூலைத் திட்டுவாள், அங்குலத்தை எண்ணுவாள், தனக்குத்தானே முணுமுணுப்பாள். எப்போதும் அசைகிற வாயை வைத்து அந்தக் குழந்தை எதைக் கண்டுபிடிக்கும்?

தாளை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, மடித்து, மகளின் புத்தகத்துக்குள் செருகினாள். அன்று சாயங்காலமே பின்னறையிலிருந்த மெஷின் மகளின் கண்ணெதிரே கூடத்துக்கு வந்தது. ஊசிகள் உதட்டுக்கு வந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ‘எல்லாம் நடிப்புதான்’ என்று அந்தக் குரலே மகளிடம் சொல்லிவிடுமோ என்று பயம்.

பிறகு அந்த வீடு வீடாக இல்லை. வாயை மூடிக்கொண்டு அவள் தைக்கத் தைக்க, அவளுடைய குரல் மட்டும் அவளுக்கே கேட்காமல் அறை அறையாகத் திரிந்தது. மகள் திடுக்கிடும்போதெல்லாம் அவளும் திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்...

“ஏம்மா எங்கிட்ட பேச மாட்டேங்கறே? உனக்கும் என்னைப் பிடிக்கலையா?” என்று மகள் ஒருநாள் அழுதபோது, உதட்டில் ஊசி குத்தி ரத்தம் வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு ‘மார்க் அம்மா’ வந்தார். மாதம் ஒருமுறை வந்து கேள்வி கேட்டு மார்க் போடுகிறவர் என்பதால் நாத்தனார் வைத்த பெயர். மகளுக்குச் சீட்டில் எது விழுந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மார்க் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அந்தக் குரல் இப்பவும் வருதாம்மா?”

“வருது.”

“யாரோட குரல் மாதிரி இருக்கு?”

மகள் தலைகுனிந்தாள். “அம்மா குரல்...” என்றாள்.

கணவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “உன் குரலா? பெத்தவ குரலா என் பொண்ணை வதைக்குது? அதான் ஊமையா உக்காந்திருக்கியா, பாவி!”

தையல்காரி அசையவில்லை. கண்ணீர் மட்டும் ஊசிகளின் மேல் வழிந்தது.

“அப்பா, நிறுத்துங்க!”

ஆறு மாதத்தில் மகளின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“அம்மா வாயைப் பாருங்கப்பா! பத்தொன்பது நாளா பார்க்கறேன். ‘போய்த் தொலை’ன்னு காதுல கேக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கறேன்... அஞ்சு ஊசி, அசையவே இல்ல! பேச்சு அக்காதான் பார்க்கச் சொன்னாங்க...”

“ஐயோ, சீட்டுல விழுந்ததைச் சொல்லிட்டீங்களே!” மார்க் அம்மா பேனாவை மூடினார்.

“நான் இல்ல! நான் வாயே திறக்கல!” என்று பதறினாள் நாத்தனார்.

“பரவாயில்லை. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன். அடுத்த தடவை வேற ஒருத்தர் வருவாங்க. நீ சொல்லும்மா.”

“முதல்ல அம்மாவுக்கு என்மேல கோபம்னுதான் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை அந்தத் தாளை எடுத்தேன். ஓரத்துல இஸ்திரிப் பெட்டி பட்ட பழுப்பு... நனைஞ்சதைக் காயவச்சிருக்கா. படிச்சிருக்கா. அதுக்கப்புறம்தான் ஊசி.” அவள் விம்மினாள். “தொண்ணூறு போட்டிருந்தேன் அப்பா. இப்போ இருபது.”

கணவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தவும் தெரியாமல் நின்றார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே... என்னென்ன பேசிட்டேன் உன்னை...”

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மெஷின் இங்கேயே கிடக்கட்டும். நான் சுத்திப் போறேன்.”

மகள் அம்மாவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். ஐந்தாவது ஊசியின் முனை சிவந்திருந்தது.

“பேசும்மா.”

தையல்காரி உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இந்தக் குரலை எப்படி வெளியே விடுவது?

“நான்தானே... அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொன்னேன், கண்ணு...”

“நீ ஒரு தடவை சொன்னே. எனக்கு வலிச்சுது. மத்ததெல்லாம் அது சொல்றது. அது நீ இல்லம்மா.”

அணைத்துக்கொண்டார்கள். அம்மாவின் தோளில் கிடந்த தலை திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தையல்காரி அணைப்பை இறுக்கினாள்.

“வந்திருக்கா...?”

“ம்... அதுவும் நீயும் ஒண்ணாப் பேசறீங்க.” மகள் நிமிர்ந்து, அம்மாவின் உதட்டின் மேல் விரலை வைத்தாள். “நீ நிறுத்தாதேம்மா. பேசிக்கிட்டே இரு. நான் இதைத்தான் கேக்கறேன்.”