மூக்கு சாரின் தீர்ப்பு

நான்காவது நாளாக அவர் மனைவி சமையலறை ஜன்னலை விரியத் திறந்துவைத்துவிட்டு, எலுமிச்சைத் தோலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவரால் கேட்க முடியவில்லை. கேட்டால் நான்கு வருடமாகக் கட்டிக்காத்த மானம் அங்கேயே கப்பலேறிவிடும்.

"என்னங்க, உங்களுக்கு வாடை வரலையா?"

"வருது, வருது."

"என்னன்னு தெரியுதா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார், கண்ணால் பார்க்கிற விஷயம் மாதிரி.

குடியிருப்பில் அவரை 'மூக்கு சார்' என்பார்கள்; மரியாதையாகத்தான். சோப்பும் ஷாம்புவும் செய்கிற கம்பெனியில் அவர் தலைமை வாசனை மதிப்பீட்டாளர். கொரோனா போகும்போது காய்ச்சலை எடுத்துக்கொண்டு போனது. கூடவே மூக்கையும் எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை. நல்லவேளை, கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. வாராவாரம் சின்னச் சின்னக் குப்பிகள் வீடு தேடி வந்தன. எதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆய்வகம் ஒரு தாளும் வைத்து அனுப்பும். அவர் தாளைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, கேமரா முன்னால் குப்பியைத் திறந்து, கண்களை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "மழை விட்ட தோட்டத்தின் முதல் வெட்கம்" என்பார். பாத்திரம் தேய்க்கிற திரவத்துக்கு. திரையில் பத்துத் தலைகள் மெய்மறந்து ஆடும். முன்பைவிட இப்போதுதான் அவர் மூக்கு கூர்மையாகியிருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டுக் கடிதம்கூட அனுப்பினார். கடிதம் வந்த அன்று அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பினாயில் புட்டியை மூக்கோடு வைத்து அழுத்தி, சத்தம் வராமல் அழுதார்.

கீழ்வீட்டிலிருந்து வரும் தட்டல் இந்த வாடைக்கும் முன்னாலேயே ஆரம்பித்தது. இரண்டு வாரம் இருக்கும். அவர் வேலை பார்க்கிற அறையின் தரைக்குக் கீழிருந்து, பட் பட் பட் என்று, கம்பால் இடிக்கிற மாதிரி மூன்று இடி. கீழ்வீட்டுக்காரர் தனியாள், கணினி வேலை, அவரையும் கொரோனா வந்து பார்த்துவிட்டு, முழுதாக விட்டுப் போகவில்லை. போன மாதம் படிக்கட்டில் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்து, "சார், உங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சா? எனக்கு நாலு படி ஏறினா கண்ணு இருட்டுது. ஆபீஸ்ல சொல்லவும் பயமா இருக்கு" என்றார்.

நமக்கும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எல்லாம் மனசுதான் சார். எனக்குப் பாருங்க, பழையபடி ஆயிட்டேன்" என்றார் மூக்கு சார். அந்த மனிதரின் முகம் சுருங்கிப் போனது. அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆகவே தட்டல் கேட்டபோது, மீட்டிங்கில் சத்தமாகப் பேசுகிறோம், அதுதான் எரிச்சல்படுகிறார் என்று மூக்கு சார் முடிவுகட்டினார். தன் பக்கத்து மைக்கை அணைத்துவிட்டு, தட்டல் ஓயும்வரை புன்னகையோடு காத்திருந்தார்.

வாடையைப் பற்றிக் குடியிருப்பில் பேச்சு பரவியதும் சங்கச் செயலர் அவசரக் கூட்டம் போட்டார். நோய்க்காலத்துப் பழக்கம் விடாமல், ஒரே மாடிப்படியில் இருபது படி தள்ளி இருப்பவர்கள் எல்லாரும் அவரவர் அறையில் உட்கார்ந்து திரையில் கூடினார்கள். செயலர் மட்டும் கோட்டுப் போட்டிருந்தார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல வேணாம். நம்மகிட்ட நிபுணர் இருக்கார். மூக்கு சார் சொல்லட்டும்."

"கீழ்வீட்டுக்காரரைப் பாத்து ரொம்ப நாளாச்சே. அங்கேர்ந்துதான் வருதோ?" என்றாள் இரண்டாம் மாடி டீச்சர்.

"அவர் நல்லாத்தான் இருக்காரும்மா. வேலையில இருக்கார். திரையில அவர் பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுது பாருங்க" என்றார் செயலர்.

பதினான்கு முகங்கள் மூக்கு சாரையே பார்த்தன. தெரியவில்லை என்று சொல்லலாம். மூச்சை இழுத்தார். வழக்கம்போல வெறும் காற்று, குளிர்ச்சி, அவ்வளவுதான். "சாக்கடைக் குழாய்ல இலை மக்கியிருக்கு. அடியில லேசா ஒரு இரும்பு வாடை. பயப்பட ஒண்ணுமில்லை. நாலு நாள்ல தானாப் போயிடும்."

கீழே பட் பட் பட் என்று கேட்டது.

டீச்சர் வாயைத் திறந்தாள். "அதான் சாரே சொல்லிட்டாரே!" என்று செயலர் அவள் மைக்கை அணைத்தார்.

நாலு நாள் போனது. வாடை போகவில்லை என்பதை மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். அவள் சாப்பாட்டைப் பால்கனிக்கு எடுத்துப்போனாள். தட்டலும் நிற்கவில்லை. முன்பு பகலில் எப்போதாவது வந்தது. இப்போது அவர் குப்பியைத் திறந்து முதல் வாக்கியத்தைத் தொடங்கும்போதெல்லாம் வந்தது. நாற்காலியை நகர்த்தினார். தட்டலும் நகர்ந்தது. அலமாரி ஓரத்துக்குப் போனார். அங்கேயும். சரியாக உள்ளங்காலுக்குக் கீழே.

வாடை வந்த ஒன்பதாம் நாள் காலை டீச்சரே பூட்டுத் திறப்பவரைக் கூட்டிவந்துவிட்டாள். செய்தி கேட்டு இவர் இறங்குவதற்குள் வாசலில் கூட்டம். செயலர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வழிகாட்டினார். பூட்டு 'டக்'கென்று விட்டது. கதவு ஒரு சாண் திறந்ததும் பூட்டுத் திறப்பவர் சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தார். எல்லாரும் நான்கு படி பின்வாங்கினார்கள்.

மூக்கு சார் பின்வாங்கவில்லை. கதவுக்கு நேராக, வாயை மூடி, சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்.

முதலில் கவனித்தது டீச்சர்தான்.

"சார்... உங்களுக்கு ஒண்ணும் வரலையா?"

அவர் காது மடல்கள் எரிந்தன. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். ஒரு முறை குமட்டிக்கூடக் காட்டினார். அது அவருக்கே நாடகமாகத் தெரிந்தது. மனைவி படியில் நின்று அவரையே பார்த்தாள். நான்கு வருடத்துச் சாப்பாடும், "உப்பு, காரம், வாசனை எல்லாம் பிரமாதம்" என்ற நான்கு வருடத்துப் பாராட்டும் அவள் கண்ணில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் உள்ளே போனார்.

திரை போட்ட அறை. மின்விசிறி சுற்றியது. மேசை முன்னால் கீழ்வீட்டுக்காரர், நாற்காலியில் சரிந்து, காதில் ஹெட்போனோடு. செத்துப் பத்து நாளுக்கு மேல் இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. கணினி தூங்கிவிடாமல் மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் சின்ன எந்திரம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. நோயாளி என்று ஆபீசுக்குத் தெரியாமல் இருக்க வாங்கியது. திரையில் பச்சை விளக்கு. மடியில் துடைப்பக் கம்பு. விரல்கள் இன்னும் அதைப் பிடித்திருந்தன. கூரையில் சுண்ணாம்பு பெயர்ந்த குழிகள்.

மூக்கு சார் குழிகளை எண்ணினார். எண்ணி முடியவில்லை. மேசைக்கு மேலே. ஜன்னலோரம். அலமாரிக்கு மேலே. சில குழிகளில் சுண்ணாம்புத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

இன்று காலை. எட்டு மணிக்கு. அவர் தட்டலைக் கேட்டார். இன்று காலை.

அப்போது வந்தது.

கைக்குட்டையைத் தாண்டி, மெல்லிய இழையாக. இனிப்பு. அதற்கடியில் கனமாக ஒன்று. நான்கு வருடத்தில் முதல் முறை. அவருக்குக் கண்ணீர் வந்தது. கைக்குட்டை விழுந்தது. பிணத்தின் முன்னால் நின்று, பசித்தவன் சோறு பார்த்த மாதிரி, இழுத்தார். மறுபடி இழுத்தார். வாசலில் இருந்தவர்கள் அதையும் பார்த்தார்கள்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, வெளியே ஓடிவந்தார். வாடையும் வந்தது. குறையவில்லை. பூட்டுத் திறப்பவரிடம் லேசாக. செயலரிடம் கொஞ்சம் கூட. டீச்சரிடம் இல்லவே இல்லை. மாறி மாறி முகர்ந்தார். ஆளுக்கு ஒரு அளவு. அவரவரிடமிருந்து. தோலிலிருந்து. சாவு யாருக்கு எவ்வளவு கிட்டேயோ, அவ்வளவு.

மனைவி இறங்கி வந்தாள். அவள் கோபப்படவில்லை. "விடுங்க. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அவள் நெருங்க நெருங்க அது ஏறியது. உள்ளே நாற்காலியில் இருந்ததைவிட. பல மடங்கு.

"ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். இனி அவர் மூக்கை யார் நம்புவார்கள்?

"இனி மூச்சிழுத்துக் காட்ட வேணாம், பாவம் நீங்க" என்று சொல்லி, அவள் தன் உள்ளங்கையால் அவர் மூக்கை இதமாகப் பொத்தினாள்.