காத்திருத்தல்: ஏழு நிமிடம்

ஜெனோவாவுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், எதிர்வீட்டுப் புளோரா அக்கா திறந்திருந்த கதவுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. என்ன, ஏது என்று கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த ஜெனோவாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

ஜெனோவாவும் பேசவில்லை. அவளுடைய இடது காதுக்குப் பின்னால் உளுந்தளவில் ஒட்டியிருந்த ஆதரவுமானி விழித்திருந்தது.

சற்று நேரத்தில் அக்கா போய்விட்டாள். தன் வீட்டுக்குள் போனதும் கணவரிடம் உரக்கச் சொன்னாள்.

"ஏங்க, காய்ச்சல்னா வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதாம். கஞ்சி குடிச்சிட்டுத்தான் போடணுமாம்."

"எனக்கு எங்கட்டி காய்ச்சல்?" என்றார் சவரிமுத்து.

"சும்மா கெடங்க. ஒங்களுக்கு யாரு சொன்னா."

அன்று மாலை கைபேசியில் பட்டியல் வந்தது. 'மறைமுக அறிவுரை: ஒன்று. காத்திருத்தல்: ஏழு நிமிடம்.' இரண்டுக்கும் கழித்திருந்தார்கள்.

இளையோர் ஈட்டு நிதியம் அந்தக் கருவியை நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தது. பெற்றோரின் துணையை இழந்த பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயதுவரை மாதாமாதம் உதவித்தொகை தருவது அதன் வேலை. ஒரு பிள்ளைக்குச் சித்தி இருப்பாள், இன்னொன்றுக்கு யாருமே இருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் அது நியாயமா என்று யாரோ கேட்டார்கள். அதற்கு விடையாக மானி வந்தது. குரலின் குழைவு, தொடும் கையின் சூடு, பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது நாடி எவ்வளவு அமைதியாகிறது என்பதுவரை அது அளந்தது. ஒரு தாய் செய்திருக்கக் கூடியதை வேறு யாராவது செய்தால் அதைக் கழித்து, கிடைக்காத மிச்சத்துக்குப் பணம் தந்தது.

ஜெனோவாவின் அப்பா அவளுக்கு நினைவு தெரியும் முன்பே பிரிந்து போனவர். அம்மா மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தாள். ஒருநாள் வேலைக்குப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தாள். தூத்துக்குடியில், நான்காம் மாடியின் ஐந்து வீடுகளில் மற்ற நான்கும் அன்றிலிருந்து ஜெனோவாவைத் தங்கள் பிள்ளையாக்கிக்கொண்டன. காய்ச்சலுக்கு முன்பு அப்படி ஒரு மாத முடிவில் பாதித் தொகைதான் வந்தது. இருபதாம் தேதிக்குள் கட்டணம் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வக நுட்பப் படிப்பில் அவள் முதலாமாண்டு. கடனாகக் கொடுக்கக்கூட அந்த மாடியில் யாரிடமும் அவ்வளவு பணம் இல்லை.

புளோரா அக்கா அந்த மாதப் பட்டியலை வாங்கிப் படித்தாள். தலை வாரிவிட்டது, மீன்குழம்பு, துவைத்த போர்வை.

"ஏட்டி, திட்டுனதுக்குமா கழிச்சிருக்கானுவ?"

"அக்கறையாத் திட்டுனதுன்னு போட்டிருக்குக்கா."

சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "இந்த மிஷின எனக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லு. மாசாமாசம் முழுசா வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அன்றே நான்கு வீட்டாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னைல இருந்து அந்தப் பிள்ளைக்கி யாரும் ஒண்ணும் செய்யாதிய. மூஞ்சியக்கூடப் பாக்காதிய. பாவம், படிச்சி முடிக்கட்டும்."

அவர்கள் சொல் தவறாதவர்கள். ஜெனோவா படியேறும் சத்தம் கேட்டால் கதவுகள் மெல்லச் சாத்தப்பட்டன. அப்படி மெல்லச் சாத்தியதையும் மானி பரிவு என்று கண்டுபிடித்துக் கழித்தது. அதன் பிறகு ஓங்கிச் சாத்தப் பழகிக்கொண்டார்கள். குழந்தைகள் அவளைக் கண்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடின. கட்டணம் கட்டியாயிற்று.

அந்தக் காய்ச்சல் ஒன்றுதான் இடையில் நேர்ந்த தவறு. பட்டியலைப் பார்த்த மறுநாள் ஜெனோவாவே எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேர்வுக் கட்டணம் பாக்கி இருந்தது.

அதற்குப் பிறகு மாதாமாதம் முழுத் தொகை வந்தது. பட்டியல் வெறுமையாக வந்தது. சில மாலைகளில் அவள் பழைய பட்டியல்களை எடுத்துப் படிப்பாள். தன்னிடம் யார் எவ்வளவு அன்பாக இருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்தது அந்தக் கருவி மட்டும்தான். அம்மா செய்ததற்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

இருபத்தொரு வயது முடிந்த அன்று நிதிய அலுவலகத்தில் மானியைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. எழுத்தர் திரையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கடைசி இருபத்தாறு மாசமும் கழிவே இல்லம்மா. இந்த வட்டாரத்துலயே ஒங்களுக்கு மட்டுந்தான். யாரோட துணையும் இல்லாமத் தனியாவே நின்னு காட்டியிருக்கீங்க. இனிமே யார்கூட வேணும்னாலும் பேசிப் பழகலாம்."

அவள் நேரே மீன் கடைக்குப் போனாள். சீலா வாங்கிவந்து குழம்பு வைத்தாள். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த புளோரா அக்கா அவளைக் கண்டதும் உதட்டின்மேல் விரலை வைத்துக் கதவைச் சாத்தப் போனாள்.

"எடுத்துட்டாங்கக்கா." ஜெனோவா தலையைத் திருப்பிக் காதைக் காட்டினாள்.

அக்கா அந்த வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. பாதியில் நின்று, கிண்ணத்தை வாங்கிக்கொண்டது.

"நல்லதாப் போச்சி," என்றாள். பிறகு, "வாங்க. உக்காருங்க."

ஜெனோவா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வேலை கிடைத்துவிட்டதா என்று அக்கா கேட்டாள். அடுத்த மாதம் சேரவேண்டும் என்று இவள் சொன்னாள். மின்விசிறி சுற்றியது. அக்கா முந்தானை நுனியைச் சரிசெய்தாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தாள் அக்கா. வெறும் கிண்ணம். முன்பெல்லாம் நாலு முறுக்காவது போட்டுத்தான் அந்த வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பும்.

வெளியே வந்தபோது மாடிப்படியில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். கடைசி வீட்டுப் பெண், பள்ளி இறுதி வகுப்பு முடித்தவள். போன மாதம் அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெனிட்டா முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். காதுக்குப் பின்னால் உளுந்தளவில் புதிதாக ஒன்று மின்னியது.

ஜெனோவா இரண்டு படி மேலே நின்றாள். இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒன்றும் சொல்லக்கூட வேண்டாம். வெறுமனே நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் தெரியும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு படி இறங்கினாள்.

பெனிட்டா தலையைத் தூக்கவில்லை.

"போயிருங்கக்கா," என்றாள். "இருபதாந் தேதி பீஸ் கட்டணும்."

ஜெனோவா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

பிறகு நினைவு வந்தது. மறுபடி திறந்து, ஓங்கி அறைந்து சாத்தினாள்.