மீதி மருந்து

"புது பாட்டில் உடைங்க டாக்டர்."

அந்த எக்ஸ்ரே நிலையத்தில் வாயைத் திறந்து கேட்கவே கூடாதென்று படமெடுக்கும் எழில்மதிக்குச் சொல்லியிருந்தது அதைத்தான். ஆனால் டாக்டர் பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் சில்லென்று இல்லை. உடம்புச் சூட்டில் இருந்தது.

படத்தில் சிறுநீரகம் தெரிவதற்காகப் போன வாரம் செவ்வந்திக்கு ஏற்றியதில் மீந்த மருந்து. கல்வராயன் மலைக்காரி, தலைமுடியில் விறகுப்புகையும் ஆமணக்கெண்ணெயும் மணந்தவள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து எழில்மதியை டீச்சரம்மா என்றே கூப்பிட்டவள். மருந்து ஏறி, படம் ஒன்று எடுத்ததும் மூச்சு முட்டியது. "டீச்சரம்மா, மல பஸ் பூடுச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. டாக்டர் சுப்புராயன் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

இன்று அதே மேசையில் எழில்மதியின் அம்மா பெரியம்மாள், சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்தாள்.

"இடஒதுக்கீடு மறியல்னு ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டிருக்கானுங்க. சேலத்துலேர்ந்து பாட்டில் பறந்தா வரும்?" என்றார் டாக்டர். "டிகிரி படிச்சிட்டா வாய் ஜாஸ்தியாயிடுது. போய் பிலிம் போட்டுக்கினு வா."

"உசுரு போவுது எழிலு," என்று முனகினாள் அம்மா. "அவருகிட்ட இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கற?"

பிலிமோடு அவள் திரும்புவதற்குள் ஊசி ஏறிவிட்டிருந்தது. தட்டில் காலி பாட்டில். அம்மா சீராக மூச்சு விட்டாள். எழில்மதி படமெடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனாள்.

சிவப்பு விளக்கின் அடியில் ரசாயனத்தின் புளித்த நெடியும், குழாய் சொட்டும் ஓசையும், அவற்றுக்குள் எங்கிருந்தோ கசிந்து வந்த விறகுப்புகையும் ஆமணக்கெண்ணெயும் கலந்த ஒரு தலைமுடி வாசனையும் அவளைச் சூழ்ந்திருக்க, பிலிமில் முதலில் விலா எலும்புகள் எழுந்தன. பிறகு முதுகெலும்பு. பிறகு மருந்து போன இடம், வெள்ளையாக.

இரண்டு சிறுநீரகமும் கீழே ஒட்டியிருந்தன. மாட்டு லாடம் போல.

போன வருசம் எடுத்த படத்தில் அம்மாவுக்குத் தனித்தனியாக இருந்தன. ஒட்டிய சிறுநீரகத்தை அவள் பார்த்தது ஒரே தடவை. செவ்வந்தியின் படத்தில்.

வெளியே வந்தாள். அம்மா மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலியே இல்லை.

"டீச்சரம்மா," என்றாள். குரல் அம்மாவுடையது. "மல பஸ் பூடுச்சா?"

"அம்மா."

அவள் பின்னால் யாரென்று திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வந்தி."

"இன்னா டீச்சரம்மா?"

எழில்மதி காலி பாட்டிலை எடுத்தாள். ஈரப் படத்தை எடுத்தாள். அந்தக் கையைப் பிடித்தாள்.

"எங்க இட்டுக்கினு போற?" என்றார் டாக்டர்.

"இவங்க வூட்டுக்கு."

"உங்க வூடு சின்னசேலமாச்சே."

எழில்மதி கதவைத் திறந்தாள். செவ்வந்தி செத்தது மாரடைப்பில் இல்லை, இந்த மருந்தில் என்று அவள் புருஷனிடம் சொல்வதென இருட்டறையிலேயே முடிவாகிவிட்டது.

வாசலைத் தாண்டியதும் அம்மா கையை உருவிக்கொண்டாள். மலைப் பக்கமே ஒரு நாளும் போகாதவள், யாரையும் வழி கேட்காமல், வெட்டிக் கிடந்த புளியமரத்தை வெறுங்காலோடு தாண்டி, மலை ரோட்டில் நடந்தாள்.

எழில்மதி பின்னால் நடந்தாள். "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

முன்னால் போனவள் திரும்பவில்லை.